லமூன் கடித்துக் காட்டிய விதம்

என் தங்கை லமூனுக்கு வாய் இருப்பதே சாப்பிட மட்டும்தான் என்று நான் சொல்வதுண்டு. தாய்லாந்தில் பிட்சனுலோக் ரயில் நிலையத்துக்கு எதிரே வறுத்த கோழி விற்கிறாள். கெட்டுப்போன எண்ணெயைத் தலையில் கட்டினாலும் கடைக்காரனைப் பார்த்துக் கைகூப்பிச் சிரிப்பாள். கட்டிய புருஷன் இன்னொருத்தியோடு போனபோது அவனுக்கு வழிச்சோறு கட்டிக் கொடுத்தவள். ஊரே அவளைத் தங்கமானவள் என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. மென்று தின்ன வலப்பக்கம் ஒரே ஒரு பல்தான். அதற்கும் வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். டாக்டர் சின்ன வயது, நல்ல மாதிரி. கேப்பைப் பொருத்தி, வண்ணத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

“நல்லா அழுத்திக் கடிங்கம்மா. தட்டுதா? உயரமா இருக்கா?”

“இல்லீங்க டாக்டர். சரியா இருக்கு.”

அவர் விரல் வாயருகே இருந்ததால் அவள் பட்டும் படாமலும்தான் கடித்தாள். பிறகு கேப்பின் உயரமான இடத்தில் தாளின் சாயம் எப்படிப் பிடிக்கும்? பிடித்திருந்தால் அங்கேயே தேய்த்துச் சரிசெய்திருப்பார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சிரித்தாள். ஒட்டிவிட்டார்.

வெளியே வந்ததும், “கேப்பு முட்டுது, மத்த பல்லு ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குதுக்கா,” என்றாள்.

“அடிப்பாவி! அதை உள்ள சொல்றதுக்கென்ன? வா, திரும்பிப் போலாம்.”

“எத்தனை பேரு காத்திருக்காங்க. பாவம், அவரு இன்னும் சாப்பிடக்கூட இல்ல. பழகிடும்.”

பழகவில்லை. ஒட்டரிசிச் சோற்றை மென்றாலும் அந்தப் பல்தான் அடி வாங்கியது. மழைக்காலம் முடியுமுன் வேரோடு பிளந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார் டாக்டர். அவர் முகமே வாடிவிட்டது.

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா.”

அதற்கும் இவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

ஊசி போட்டுக் குறடை வைத்தார். “வலிக்குதா?”

“இல்லீங்க டாக்டர்.” கண்ணீர் காதுவரை வழிந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் வாசலிலிருந்து கத்தினேன். “வலிக்குது டாக்டர்! நிறுத்துங்க!”

அவர் நிறுத்தி, இன்னோர் ஊசி போட்டார்.

வீட்டுக்கு வந்து பஞ்சைத் துப்பியதும் என் தங்கை வாழ்நாளில் முதல்முறையாக ஒருத்தரைத் திட்டினாள்.

“உன்னால டாக்டர் முன்னாடி என் மானமே போச்சு. இனிமே என் வாசப்படி மிதிக்காத.”

நான் மிதிக்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை.