அண்ணனின் நெற்றிக் காசு

எங்கள் அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பாக எழுதிவிடுவேனோ, யார் மனதாவது புண்படுமோ என்று கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை. அண்ணன் இருந்திருந்தால் ஒவ்வொரு வரியையும் சிவப்பு மையால் சுழித்திருப்பார். அவர் இல்லாத தைரியத்தில் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் அப்பாவின் மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் அண்ணன் பிறந்தார். ஒருவரைப் படிக்க வைக்கத்தான் வசதி இருந்தது, அவர் படித்தார். நான் கடையில் பொட்டலம் மடித்தேன். இன்ஜினியராகி, நியூ ஜெர்சி வந்து, பிஸ்கட்டவேயில் வீடு வாங்கினார். அதற்கு அவர் பட்ட கஷ்டங்களை அவரே எல்லோருக்கும் பலமுறை சொல்லியிருப்பதால் நான் திரும்பச் சொல்லவில்லை. பின்னால் நானும் இங்கே வந்து சேர்ந்தேன்.

பொய் சொல்லாதது அண்ணனின் பெரிய குணம். அண்ணன் பழைய காசு சேர்ப்பவர்; அவரிடம் காசு காட்டக் கொண்டு வந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அச்சடிக்கும்போதே தப்பாகிப் போன காசுக்கு மதிப்பு அதிகமாம். அந்த ஆசையில் வருவார்கள். அண்ணன் லூப் என்கிற குட்டிப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடிப்பார். அச்சு விரிசல் விட்டிருந்தால் காசில் கோடு மேடாக நிற்கும். பள்ளமாக இருந்தால் யாரோ கீறியது. நிறம் வித்தியாசமாக இருந்தால், நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனில் போடுவார். கரைந்து வந்தால் மேலே ஒட்டிய அழுக்கு. "கறை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் புளி போட்டுத் தேய்ங்க" என்பார். வந்தவர் முகம் வாடி, சாப்பிடாமல் கிளம்பினால் அன்றைக்கு அண்ணனுக்கு நல்ல பசி எடுக்கும். அண்ணி காபி கொண்டு வந்தால், "இவளையும் லூப் வெச்சுப் பாத்துட்டுக் கட்டியிருக்கணும்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அண்ணியும் சிரிப்பார்.

அப்பா எனக்கென்று கொடுத்தது ஒரே ஒரு செப்புக் காலணா. தன் மூக்குப்பொடி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மரப்பலகையில் ஓடும் ரேகை மாதிரி அதில் பழுப்பு வரிகள் இருந்தன. "அச்சடிக்கும்போதே இப்படி வந்துடுச்சு பாப்பா. வேற யார்கிட்டயும் இருக்காது. அண்ணனுக்குப் படிப்பு, உனக்கு இது" என்றார். அதை நான் அண்ணனிடம் காட்டியதே இல்லை. கறை என்று சொல்லிவிட்டால் அப்பா எனக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று ஆகிவிடுமே என்று பயம். ஒரு பொங்கலன்று, அண்ணன் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, என் மகள் உளறிவிட்டாள்.

"குடு, பாக்கலாம்" என்றார் அண்ணன்.

"வேணாம்ணா. இருக்கட்டும்."

"எதுக்கு நடுங்குற? நிஜம்னா நிஜம்னு சொல்லப் போறேன்."

அசிட்டோனில் போட்டார். கண்ணாடிக் கிண்ணத்தில் பழுப்பாக ஏதோ இறங்கியது. எடுத்தபோது காசு வெறும் செம்பாக இருந்தது.

"உங்கப்பன் மூக்குப்பொடி" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "இத்தன வருஷமா இதையா சாமி ரூம்ல வெச்சுக் கும்புட்ட?"

எங்கள் இருவருக்கும் அப்பா அவர்தான். அன்றைக்கு அவர் எனக்கு மட்டும் அப்பன். காசைத் துடைத்த காகிதத்தை அண்ணன் குப்பையில் போட்டார். அப்பாவின் விரல் பட்டு ஒட்டியது அதில்தான் இருந்தது.

கடைசி மாதங்களில் அண்ணன் பொறுமையாகவே இருந்தார். டாக்டர் ஸ்கேன் படத்தில் ஈரலில் இருந்த கறுப்பைக் காட்டியபோது, அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "கறை இல்ல" என்றார். தனக்கும் அவர் பொய் சொல்லவில்லை.

ஃபியூனரல் ஹோமில் ஐயர் நெற்றிக் காசு கேட்டார். எல்லோர் பையிலும் கார்டும் போனும்தான். ஒருவர் அமெரிக்கக் கால் டாலர் காசை நீட்டினார். "நம்மூர்க் காசா பாருங்கோ" என்றார் ஐயர். அண்ணி கைப்பையைத் திறந்தார். உள்ளே அண்ணனின் காசு ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருந்த காசு: அச்சு விலகி, ராஜாவின் பாதித் தலை மட்டும் விழுந்த காலணா. அதன் பிளாஸ்டிக் உறையை நாங்கள் யாரும் தொட்டதில்லை. அண்ணி உறையைக் கிழித்தார்.

அண்ணனைப் போலவே காசு சேர்க்கும் நண்பர் சுந்தரம் சார் பதறிவிட்டார். "ஐயோ மேடம், அது ஒரிஜினல்! சந்தனம் படக் கூடாது!"

"ஒரிஜினலா இல்லையான்னு அவரே எந்திரிச்சுச் சொல்லட்டும் சார்" என்று சொல்லி, அண்ணி ஈரச் சந்தனத்தைக் குழைத்து அண்ணன் நெற்றியில் அழுத்தி ஒட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மட்டும் லேசாகச் சிரித்தார்.

எரிப்பதற்கு முன்னால் உலோகத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். காசை எடுத்தபோது ராஜாவின் பாதி முகத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. சுந்தரம் சார் கர்சீப்போடு ஓடி வந்தார். அண்ணி அவரைத் தாண்டி வந்து அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"வெச்சுக்க. கழுவுறதுக்கு உங்கண்ணன் வர மாட்டாரு. பயப்படாத."

அண்ணனை ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி காரில் அழைத்துப் போனவர்களுக்கும், காரியம் முடியும்வரை சமைத்துக் கொண்டு வந்து கொடுத்த பக்கத்து வீட்டு ஆன்டிக்கும், தூரம் பார்க்காமல் டெக்சாஸ் காப்பெல்லிலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. துக்கம் விசாரிக்க போன் செய்து, அப்படியே அந்தக் காசையும் விசாரித்தவர்களுக்கும் நன்றி. காசு என் சாமி ரூமில், அப்பா கொடுத்ததன் பக்கத்தில் இருக்கிறது. குங்குமம் இப்போது நன்றாகக் கறுத்துப் பிடித்துவிட்டது. வந்து பார்க்கலாம். அசிட்டோன் மட்டும் கொண்டு வர வேண்டாம்.