பெரிய காரும் அமெரிக்கக் கப்பலும்

அத்தானிடம் ஓர் அமெரிக்கக் கார் இருந்தது. அறுபதுகளின் நடுவில் செய்யப்பட்டது. நான்கு கதவுகள், வெளிறிய பச்சை நிறம். முன்பக்கம் நடுவில் பிளந்து, இரண்டு மூக்குத் துவாரங்கள் போலத் தெரியும். ஒரு செவ்விந்தியத் தலைவனின் பெயர் அதற்கு. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அது பெரிய கார். வேலைக்கும் கடைக்கும் போகிற ஜப்பான் கார் சின்னக் கார்.

நாங்கள் டென்மார்க்கில், மேற்கு யூலாந்தின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் இருந்தோம். அத்தானும் நானும் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தோம், அவர் எலும்பு நீக்கும் பகுதியில். அவருடைய பக்கத்து மேசையில் நின்ற டெனிஷ்காரர் ஓய்வு பெற்றபோது, தன்னுடைய கொட்டிலில் வைக்கோலுக்கு நடுவே கிடந்த காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அத்தான் அதை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தார். அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள கோழி இருந்திருக்கு," என்றாள். உண்மையிலேயே இருந்திருக்கிறது. பின் இருக்கைக்கு அடியில் முட்டைக் கோதுகள் கிடந்தன.

மேற்கு யூலாந்தில் அமெரிக்கக் கார்ப் பைத்தியங்கள் அதிகம். கோடை மாலைகளில் தலைமயிருக்கு எண்ணெய் தடவி மேலே வாரிக்கொண்டு, பழைய அமெரிக்கப் பாட்டுகளைச் சத்தமாகப் போட்டபடி ஏதாவது ஒரு கடையின் வாகனத் தரிப்பிடத்தில் கூடுவார்கள். நடுவே அத்தான் கம்பளித் தொப்பியோடு நிற்பார். அவர்கள் சொசேஜ் சுடுவார்கள். அத்தான் அக்கா செய்த ரோல்ஸ் கொண்டுபோவார். திரும்பி வரும்போது பெட்டி காலியாக இருக்கும்.

காரைத் திருத்திய காலம் முழுவதும் நான் கூட இருந்தேன். ஊரில் சில வருடங்கள் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன் என்பதால், ஆங்கிலக் கையேட்டை வாசித்துச் சொல்வது என் வேலையாயிற்று. நான் வாசிப்பேன், அவர் கழற்றுவார். அந்தப் பழக்கத்தில் கையேட்டோடு நிற்காமல், அந்தக் காரின் கதையையும் தேடி வாசித்தேன். மிச்சிகன் மாநிலத்து நகரம் ஒன்றில், பெரிய நிறுவனம் ஒன்றின் விலை உயர்ந்த காருக்குத் துணையாக, மலிவான தங்கையாகப் பிறந்தது அது. சில வருடங்களில் அந்த அக்காக் காரின் உற்பத்தி நின்றுபோக, தங்கை தப்பிப் பிழைத்தது. பிறகு நெடுங்காலம் வயதானவர்கள் ஓட்டுகிற கார் என்ற பெயர். ஐம்பதுகளின் கடைசியில் சில இளம் பொறியியலாளர்கள் பொறுப்பேற்று, சக்கரங்களை அகலமாக வைத்து, பெரிய இயந்திரங்களைப் பூட்டினார்கள். அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்கள் அதற்காக ஏங்கினார்கள். அத்தானின் கார் அந்த நல்ல காலத்தில் வந்தது.

எரிபொருள் விலை ஏறியதும் இறங்குமுகம் தொடங்கியது. நிறுவனம் ஒரே உடலைச் செய்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சின்னத்தை ஒட்டி விற்றது. கடைசிக் காலத்தில் வந்த ஒரு மாதிரியைப் பார்த்து அமெரிக்கர்களே சிரித்தார்கள். இந்தப் பகுதியை வாசித்துச் சொன்னபோது அத்தான் காரின் அடியிலிருந்து தலையை வெளியே நீட்டவில்லை.

"அதை விடு. இதைப் பார். இவ்வளவு காலம் வைக்கோலுக்குள்ள கிடந்தும் இஞ்சின் இறுகேல்லை. அமெரிக்கன் ஒண்டைத் தொட்டா அரைகுறையில விடமாட்டான், மச்சான்."

இயந்திரம் முதல்முறை பிடித்த நாளுக்குப் பிறகு அந்த வசனத்தை அடிக்கடி சொன்னார். வீட்டில் அது பகிடியாகிவிட்டது. சின்னக் கார் குளிரில் இயங்க மறுத்தால் அக்கா, "அமெரிக்கனைக் கூப்பிடுங்கோ," என்பாள்.

இரண்டாயிரத்து ஒன்பது வசந்தத்தில் யாரும் பகிடி விடவில்லை. அத்தானின் ஒரே தம்பி மனைவியோடும் நான்கு வயது மகளோடும் போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தான். மன்னாரிலிருந்து இடம்பெயரத் தொடங்கியவர்கள், ஒவ்வோர் ஊராகப் பின்வாங்கி, கடைசியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடந்த மணல் துண்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அங்கிருந்து யாருடையதோ ஒரு செய்மதித் தொலைபேசியில், வரிசையில் நின்று, எப்போதாவது பேசுவான். அந்த இலக்கத்துக்கு நாங்கள் திருப்பி எடுக்க முடியாது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மதியம் அழைப்பு வந்தது. நான் அவர்களுடைய குசினியில் இருந்தேன். அத்தான் தொலைபேசியை மேசையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"அண்ணை, சனம் களப்பைக் கடந்து ஆமியின்ர பக்கம் போகுது. நாங்களும் இறங்குவமோ?"

"ஷெல் அடிக்கிறானோ?"

"அடிக்கிறான். இண்டைக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்துப் பங்கர்ச் சனம் வெளிக்கிட்டிட்டுது. நீங்கள் சொல்லுங்கோ."

அத்தான் யோசிக்கவில்லை. பதில் அவரிடம் தயாராக இருந்தது.

"நீ பொறு. அமெரிக்கன் கப்பல் அனுப்புறான். இங்க எல்லாரும் கதைக்கினம். தண்ணிக்குள்ள இறங்கி அவங்களிட்டப் போனா, ஆம்பிளையளைப் பிரிச்சுக் கொண்டுபோறாங்களாம். கப்பலில ஏறினா நேர வெளியில வரலாம். கரைப்பக்கமா இரு."

"உண்மையோ அண்ணை?"

"அவன் வெளிக்கிட்டா வருவான்."

"அப்ப நிக்கிறம்," என்றான் தம்பி. ஒரு குழந்தை எதையோ கேட்பது தெரிந்தது. தொடர்பு அறுந்தது.

கப்பல் கதை அப்போது எல்லா வீடுகளிலும் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று கதைத்தார்கள். கொப்பன்ஹேகன் பக்கத்துப் புரொண்பியிலிருந்து ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னார். நான் அத்தானிடம் கேட்டேன்: "ஆர் சொன்னது, அத்தான்? ஒருத்தன்ர பேராவது இருக்கோ?"

"நீ பேப்பரில இருந்தவன். கடவுள் வந்தாலும் அடையாள அட்டை கேப்பாய்."

அக்கா மட்டும், "தம்பியாக்கள் இறங்கிப் போயிருந்தா நல்லம்," என்றாள். பிறகு செபமாலையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த சில நாட்களில் மக்கள் ஆயிரக்கணக்கில் களப்பைக் கடக்கிற படங்கள் வந்தன. இடுப்பளவு தண்ணீர், தலையில் பை, தோளில் குழந்தை. அத்தான் கணினித் திரைக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தன் சொல்லைத் தம்பி கேட்காமல் போயிருக்க வேண்டும் என்று அவர் விரும்பத் தொடங்கிவிட்டார் என்பது அவர் படத்தைப் பெரிதாக்கிய விதத்தில் தெரிந்தது. தம்பி அவற்றில் இல்லை.

அந்த ஏப்ரல் முடிவதற்குள் மற்றச் செய்தி வந்தது. தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் கிடந்த டெனிஷ் பத்திரிகையின் பொருளாதாரப் பக்கத்தில் அதை வாசித்தேன். தாய் நிறுவனம் கடனில் மூழ்குகிறது. அரசாங்கத்தின் கையை நம்பி நிற்கிறது. தப்புவதற்காகச் சில பிள்ளைகளைக் கைவிடுகிறது. செவ்விந்தியத் தலைவனின் பெயர் கொண்ட கார் இனிச் செய்யப்படாது. வேறொரு நாளில் இதை அத்தானுக்குச் சொல்லாமல் விட்டிருக்க முடியாது. அன்றும் சொன்னேன்.

"எண்பது வருசத்துக்கு மேல ஓடினதை ஒரு நாளில மூடுவாங்களோ? உன்ர பேப்பர்க்காரருக்கு வேற வேலை இல்லை."

பத்திரிகையை அவருக்கு முன்னால் வைத்தேன். அவருக்கு டெனிஷ் நன்றாக வாசிக்க வரும். வாசித்துவிட்டு நான்காக மடித்தார். கைகழுவப் போனவர் வேலை தொடங்கும் மணி அடித்த பிறகும் அங்கேயே நின்றார்.

மே மாதத் தொடக்கத்தில் கொப்பன்ஹேகனில், நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பேருந்து போனது. அத்தான் பெரிய காரில் போவதாகச் சொன்னார். அவ்வளவு தூரம் அதை அவர் ஓட்டியதே இல்லை. காலையில் வெளியே வந்தபோது கார் மெழுகு பூசி மின்னியது. பேருந்துக்குக் காத்து நின்றவர்களில் ஒருவர், "அண்ணை, கலியாணப் பொம்பிளை வீட்டுக்கோ போறியள்?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"அமெரிக்கன் எவனாவது அந்தப் பக்கம் வந்தா இதைக் கண்டு நிப்பான்," என்று அத்தான் எனக்கு மட்டும் சொன்னார். "நிண்டா நாங்கள் கதைக்கலாம். எங்களை ஆர் திரும்பிப் பாக்கினம்?"

பாலங்களைக் கடந்து போகும்போது பக்கத்தில் வந்த கார்கள் ஒலியெழுப்பிக் கை காட்டின. அத்தான் எல்லாருக்கும் திருப்பிக் கை காட்டினார். கால்வாய்க் கரையில் நிறுத்திவிட்டு, காரின் முன்னால் தம்பி குடும்பத்தின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்குப் பின்னால் சதுக்கம் முழுவதும் எங்கள் ஆட்கள். சிலர் அழுதுகொண்டு கத்தினார்கள். பிள்ளைகள் டெனிஷில் எழுதிய அட்டைகளைப் பிடித்திருந்தார்கள்.

அவர் எதிர்பார்த்தது நடந்தது. மத்தியானத்துக்குப் பிறகு, வெள்ளைத் தொப்பி போட்ட வயதான மனிதர் ஒருவர் தெருவைக் கடந்து நேராகக் காரிடம் வந்தார். கையை எடுத்து அதன் நெற்றியில் வைத்தார். பேச்சிலேயே அமெரிக்கர் என்று தெரிந்தது. மகளைப் பார்க்க வந்தவராம், மகள் ஒரு டெனிஷ்காரரை மணம் முடித்தவள். அத்தான் என் கையைப் பிடித்து முன்னே இழுத்தார்.

அந்த மனிதர் பேசத் தொடங்கியதும் நிறுத்தவில்லை. அவர் மிச்சிகனில் இந்தக் கார் பிறந்த நகரத்தைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பன் அங்கே இந்தக் காரைச் செய்த தொழிற்சாலையில் கதவுகள் பூட்டியவர். அவரும் பள்ளி முடித்த கையோடு அங்கே போய், தலை நரைக்கும் வரை இருந்தவர். இந்த மாதிரி வந்த வருடம் வேலை முடிந்து வெளியே வருகிறவர்களை ஊரே பார்த்து நிற்குமாம். பிறகு பகுதி பகுதியாக மூடினார்கள். தொழிற்சாலை இருந்த தெருவில் சாப்பாட்டுக் கடைகளும் போயின, தேவாலயமும் போயிற்று. போன வாரம் பெயரையும் எடுத்துவிட்டார்கள். சொல்லும்போது கண்ணீர் வடிந்தது. துடைக்கவில்லை. அத்தானின் தோளில் கையை வைத்து, "நான் மிகவும் வருந்துகிறேன்," என்றார்.

அத்தானும் அழுதார். "பாத்தியோ, மச்சான்? தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு. என்ன சொல்லுறார்?"

"காரைப் பற்றிச் சொல்லுறார், அத்தான். கொம்பனியை மூடினதைப் பற்றி."

"தம்பியாக்களைப் பற்றி?"

"ஒண்டும் சொல்லேல்லை."

அத்தான் தம்பியின் படத்தை அந்த மனிதரின் முகத்துக்கு நேரே உயர்த்தினார். "கப்பல் எப்ப வரும் எண்டு கேள்."

"அத்தான், அவர் கார் செய்த மனிசன்."

"கேள் எண்டால் கேள்."

கேட்டேன். சொல்லுக்குச் சொல் அப்படியே கேட்டேன். அந்த மனிதர் படத்தையும் என்னையும் பார்த்தார்.

"எந்தக் கப்பல்?" என்றார்.

அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. நான் அந்த மனிதருக்கு விளக்கினேன். கடற்கரை, குண்டுகள், அதற்குள் அகப்பட்ட மக்கள், அமெரிக்கா கப்பல் அனுப்பும் என்ற நம்பிக்கை. அவர் தொப்பியைக் கழற்றினார். இப்படி ஓர் இடம் இருப்பதாகத் தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். அத்தானிடமிருந்து படத்தை வாங்கி, மகள் வந்து கூப்பிடும் வரை, எங்கள் வரிசையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் வழியில் அத்தான் ஒரே ஒரு முறை பேசினார். "தம்பி எடுத்தா, போ எண்டு சொல்லவேணும்."

அன்றிலிருந்து அதைச் சொல்வதற்காகவே காத்திருந்தார். வேலைக்குச் சுகயீன விடுப்புப் போட்டார். தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருப்பார். குளிக்கப் போனால் அக்காவிடம் கொடுத்து, "எடுத்தா உடன சொல்லு. என்னைக் கூப்பிட்டு மினக்கெடாத. போகச் சொல்லு," என்பார். யார் அழைத்தாலும் முதல் சொல்லாக, "போ," என்றே எடுத்தார். கோயிலிலிருந்து எடுத்த ஒருவர் பயந்து வைத்துவிட்டார். தம்பி எடுக்கவில்லை. மே நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். தொலைபேசி அதற்குப் பிறகும் மடியில்தான் இருந்தது.

யூன் மாதம், அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில் தம்பியின் மனைவி பேசினாள். முள்கம்பிக்கு அருகில் ஒளித்துப் பேசுவதாகச் சொன்னாள். மகள் கூட இருக்கிறாள், காலில் காயம், ஆறி வருகிறது. அத்தான் தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அவர் காலமையில ஒவ்வொரு நாளும் கரைக்குப் போய்ப் பாக்கிறவர், அத்தான். கப்பலின்ர புகை தெரியுதோ எண்டு. அண்டைக்கும் போனவர். அங்கதான் ஷெல் விழுந்தது."

அத்தான், "ஓம் பிள்ளை," என்றார்.

"பங்கருக்குள்ளயே வைச்சு மூடினனாங்கள். சிலுவை நடேல்லை. நேரமில்லை."

"ஓம்."

"அத்தான், கப்பல் உண்மையா வெளிக்கிட்டதோ?"

அத்தான் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கப்பல் வெளிக்கிட்டதாக எந்தப் பத்திரிகையிலும் நான் வாசித்ததில்லை. இன்றும் இல்லை.

"வெளிக்கிட்டது, பிள்ளை," என்றார் அத்தான். "வர விடேல்லை."

"அப்பிடித்தான் நானும் பிள்ளைக்குச் சொன்னனான்," என்றாள். தொலைபேசியின் சொந்தக்காரர் கேட்கிறார், வைக்கிறேன் என்றாள்.