எல்லா டம்ளரும் கவிழ்ந்த ஞாயிறு

வருஷக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய எனக்கு அத்தை வீட்டுத் தையல் அறையில்தான் படுக்கை. பேன்ட் விளிம்பு மடிப்பதும் ஜிப் மாற்றுவதும் அத்தையின் தொழில். வீட்டு முன்பக்கத் தையல் கடைக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்து மரங்களைச் சுற்றிக் களை வராமலிருக்கக் கொட்டிய மரச்சில்லில், மழை விட்டதும் காளான் முளைக்கும். அதைக் கண்டால் அத்தைக்குக் கால் தரையில் நிற்காது. ஆனால் இதுவரை ஒன்றைக்கூடச் சமைத்ததில்லை. எதையும் ‘இது விஷமில்லாததுதான்’ என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த ஞாயிறு காலை மாமாவும் கூட வந்து பறித்தார். சிவந்த தொப்பி, தண்டில் வளையம். அத்தை நெடுநாள் தேடிய, சாப்பிடக்கூடிய வகை மாதிரியே இருந்தது. மாமா வழியிலேயே வெண்ணெய் வாங்கிவிட்டார்.

“அவசரப்படாதீங்க. தண்ட வெட்டிட்டுத் தொப்பிய துணிமேல வச்சா, சாயங்காலத்துக்குள்ள அடியில விதைத்தூள் கொட்டும். கரும் ஊதாவா கொட்டலன்னா அடுப்பு கிடையாது” என்றாள் அத்தை.

“ஒண்ண வச்சுப் பாரு, போதும்.”

“எல்லாத்தையும்தான் வைக்கணும். ஒரே சில்லுல பக்கத்துல பக்கத்துல வேற வேற முளைக்குமே.”

வெள்ளை லைனிங்கையும் கறுப்புப் பேன்ட் துணியையும் சேர்த்துத் தைத்து மேசையில் விரித்தாள். எந்த நிறத் தூளானாலும் ஏதாவது ஒரு பாதியில் தெரிந்துவிடும். தொப்பிகளை இரண்டு பாதியிலும் படுமாறு வைத்து, காற்று கலைக்காமலிருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு டம்ளரைக் கவிழ்த்தாள். டம்ளர் தீர்ந்ததும் கிண்ணம், அதுவும் தீர்ந்ததும் மாமாவின் காபிக் கோப்பை.

“நான் தண்ணி எதுல குடிக்கிறது?”

“கையிலதான்.”

சாயங்காலம் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். கரும் ஊதா. மறுபடி கரும் ஊதா. மாமா வாணலியை எடுத்து வைத்தார். கடைசியில் அவருடைய கோப்பை. அடியில், வெள்ளைப் பாதியில், துருப்பிடித்த ஆணியின் நிறம்.

அத்தை குனிந்து பார்த்தாள். “இந்தக் குட்டிய யாரு பறிச்சது?”

“நான்தான். பாவம், கூட்டத்தோட இருக்கட்டுமேன்னு…”

“இது அதோட குட்டி இல்லங்க. வேற ஜாதி. துரு நிறத்துல கொட்டுற சிலது ஆளையே முடிச்சிடும்.”

மாமா வாணலியைப் பார்த்தார். அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடையோடு அத்தனையும் குப்பைக்குப் போனது. அந்தக் குட்டியின் உடைந்த துணுக்கு எதில் ஒட்டியிருக்குமோ, யாருக்குத் தெரியும். “போகட்டும். ரெண்டு தூளையும் இனிமே தூரத்துல நின்னே பிரிச்சுச் சொல்வேன்” என்று துணியை மடிக்காமல் சுவரில் குத்தி மாட்டினாள்.

அந்த வெண்ணெயில் முட்டை பொரித்தோம். டம்ளர்களை மாமாதான் கழுவினார், இரண்டு தடவை.

அடுத்த மழை விட்ட காலை, வாசலில் எங்களுக்கு முன்னாலேயே மாமா வந்து நின்றார். கையில் இரண்டு கூடை.

“ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. நான் பறிச்சது உன்னோடதுல கலந்துட வேணாம்” என்றார் அத்தையிடம்.