நான் பொம்மர் என்று கேட்ட சொல்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதை யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. டென்மார்க்கின் கோல்டிங்கில், கொமூன என்கிற நகரசபை அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனபோதும் இதைத்தான் முதலில் சொன்னேன். அப்பாவுக்குக் கைநாட்டுத்தான், அண்ணன் பாதியில் விட்டுவிட்டு வலை இழுக்கப் போனவர், நானோ ஏ லெவல் வரை படித்தவள், ஆங்கிலம் எழுதுவேன், டேனிஷை மூன்று வருஷத்தில் கரைத்துக் குடித்தாயிற்று. எதிரே இருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தட்டச்சுத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அப்படித்தான் நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஊரின் ஆவணக் காப்பகத்தில் வேலை கிடைத்தது. நூலகத்துக்குக் கீழே இரண்டு அறைகள், ஒரு கோப்பி மெசின், பொறுப்பாக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஜேர்மன்காரர் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் ஓர் இரவு, அந்த ஊர் வயலில் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்திருந்தது. அதைக் கண்டவர்கள் செத்துப்போக முன் அவர்களின் நினைவுகளை ஆசிரியை வீடு வீடாகப் போய் ஒலிநாடாவில் பதிந்து வருவார். நான் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். நாடாவை நிறுத்தவும் ஓட்டவும் காலுக்குக் கீழே ஒரு மிதி இருந்தது. தையல் பழகு என்று அம்மா கெஞ்சியபோது, படித்த பிள்ளை மெசின் மிதிப்பதா என்று கோபித்தவள் நான். டென்மார்க்குக்கு வந்து காலை முதல் மாலை வரை மிதித்தேன்.

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் எங்கள் தமிழ் ஆட்களின் விவகாரத்தில் டென்மார்க் அரசாங்கமே விழுந்திருந்தது. அகதிகள் தங்கள் குடும்பங்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை அமைச்சர் கிடப்பில் போட்ட கதை. அண்ணி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அந்தக் கிடப்பில் கிடந்தவர். நான் வந்ததோ அந்தக் கிடப்பு நீங்கிய பிறகு. ஆனாலும் பஸ்ஸில் யாராவது, "தமிழா? ஆ, அந்த வழக்கு!" என்றால், வழக்கை நானே வாதாடி வென்றவள் போலத் தலையை நிமிர்த்தி, "ஓம், அந்த வழக்குத்தான்" என்பேன்.

விழுந்த விமானத்தில் இருந்து ஒருவர் மட்டும் பரசூட்டில் தப்பிக் குதித்து, விடியப் பிடிபட்டு, போர் முடியும்வரை சிறை முகாமில் இருந்தவர். இங்கிலாந்தில் இன்னும் உயிரோடு இருந்தார். மே மாத விடுதலை நாளுக்கு அவரை ஊருக்கு அழைத்திருந்தோம். ஊர்ச் சனத்தின் நினைவுகளை நான் ஆங்கிலத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்புவதாக ஏற்பாடு. பண்ணைவீட்டு அம்மா ஒருவர், அந்தக் காலத்தில் புதிதாகக் கல்யாணம் முடித்தவர், நாடாவில் பேச ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அந்த இங்கிலாந்துக்காரர் இங்கே வர முன், தான் சொன்ன பக்கத்தை வாசித்திருக்க வேண்டும்.

அந்த அம்மாவின் டேனிஷ், யூட்லாந்துக் கிராமத்து டேனிஷ். சொல்லின் தலை வரும், வால் தொண்டைக்குள் போய்விடும். நான் மிதித்து மிதித்துக் கேட்டது இது: "விடியவெள்ளனக் கதவைத் தட்டினான். இங்கிலிஷ் எனக்குத் தெரியாது. கையால் அலை மாதிரிக் காட்டினான். கடலைக் கேட்கிறான் என்று விளங்கினது. நான் தேவாலயத்து ரோட்டைக் காட்டினேன். அது ஒரு பெரிய பொம்மர்."

யாழ்ப்பாணத்தில் குண்டு போடும் விமானத்துக்குப் பெயரே பொம்மர்தான். அந்தச் சொல் காதில் விழுந்தால் கால் தானாகப் பங்கர்க் குழிக்கு ஓடும். பங்கருக்குள் நான் மட்டும் பரீட்சைச் சான்றிதழோடு இறங்குவேன், அது வேறு கதை. பாவம், பண்ணைக்கார அம்மா கொச்சையாகச் சொல்கிறார், நாம் அழகாக எழுதுவோம் என்று "குண்டுவீச்சு விமானம்" என்பதற்கான சரியான டேனிஷ் சொல்லைப் போட்டேன்.

ஆசிரியை அந்த வரியில் பென்சிலை நிறுத்தினார்.

"இந்த இடத்தில் விமானம் எங்கிருந்து வந்தது? அதுதான் இரவே விழுந்துவிட்டதே."

"வேறொன்று வந்திருக்கும். அவை தனியாக வருவதில்லை."

"நாடாவை இன்னொருமுறை கேட்டுப் பார்ப்போமா?"

"எனக்குப் பொம்மர் தெரியும்," என்றேன். "உங்களுக்கு?"

அவர் முகம் சிவந்துபோய்விட்டது. என் நாட்டைப் பற்றி டேனிஷ்காரருக்கு இருந்த கூச்சம் அது. பென்சிலை வைத்துவிட்டு எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். நானும் வென்ற களிப்பில் குடித்தேன். ஊரில் செத்தவர்களையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டு ஒரு எழுத்துப் பிழையைக் காப்பாற்றியவள் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

தட்டச்சு செய்ததை, பேசியவருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் காப்பகத்தில் வைப்பது அங்கே வழக்கம். பண்ணைவீட்டு அடுப்படியில், தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரின் குரலில் வாசித்தேன். அந்த வரி வந்ததும் அம்மா காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

"என்ன விமானம்?"

"பெரிய விமானம். நீங்கள் சொன்னதுதான்."

"நான் எங்கை விமானம் எண்டனான்? பொம்மர்ட் எண்டனான் பிள்ளை. பொம்மர்ட்!"

இந்தமுறை வால் விழுங்கப்படவில்லை. ஆசிரியை கூரையைப் பார்த்தார். டேனிஷில் பொம்மர்ட் என்றால் மடத்தனமான பிழை. எனக்கு அந்தச் சொல் தெரியாது. அதைச் செய்ய மட்டும் தெரிந்திருந்தது.

"ஜேர்மன்காரர் அந்த ரோட்டு வளைவிலை வந்து நிக்கத் தொடங்கி ரெண்டு நாள்தான்," என்றார் அந்த அம்மா. "எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் கைக்கு ஞாபகம் வரேல்லை. கடல் எண்டால் அந்த ரோட்டுத்தானே, கை பழக்கத்திலை காட்டிப்போட்டுது. அவன் என்ன நினைச்சிருப்பான்? இவள் தெரிஞ்சு என்னை வித்துப்போட்டாள் எண்டுதானே? இதைச் சொல்லத்தான் உங்கடை மெசினை வீட்டுக்குள்ளை விட்டனான். நீ அதிலை விமானத்தைப் பறக்க விட்டிருக்கிறாய்."

அந்த ஒரு சொல் போனால், மிச்சம் இருப்பது ரோட்டைக் காட்டிய கை மட்டும்தான். அதைத்தான் நான் இங்கிலாந்துக்கு அனுப்ப இருந்தேன்.

வீட்டில் அண்ணியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மச்சாள், எங்கடை ஆக்களாலை ஒரு அரசாங்கம் விழுந்தது காணும். நீர் அந்த மனுசியையும் விழுத்திப்போடாதேயும்."

"தெரியாமல் நடந்தது அண்ணி."

"அப்ப அவ செய்தது பொம்மர்ட். நீர் செய்தது பொம்மர் போட்ட பொம்மர்ட்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு குழைந்தால்கூடப் பொம்மர்ட்தான்.

ஆங்கிலத்தில் அந்த வரியைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் அவர் சொன்னதை அப்படியே போட்டேன்: எனக்குத் தெரியும், என் கைக்கு ஞாபகம் வரவில்லை, அது பெரிய பிழை. ஆசிரியையிடம், "சரியா என்று பாருங்கோ" என்று கொடுத்தேன். அவர் என்னைக் காய்ச்சலா என்பதுபோலப் பார்த்தார்.

இங்கிலாந்துக்காரர் வந்தார். விடுதலை நாளுக்கு முதல் நாள் மாலை டேனிஷ்காரர் ஜன்னல்களில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். மறுநாள் அதே அடுப்படியில், காதுக்குள் ஒரு கருவியோடு, உயரத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் மொழிபெயர்க்க நான், இஸ்திரி போட்ட பாவாடை சட்டையோடு.

"இந்த அம்மாவிடம் சொல்லுங்கள்," என்றார் என்னிடம். "அவர் காட்டிய வழியில் நான் போகவே இல்லை. காட்டு வழியால் போனேன். ஒரு வைக்கோல் கொட்டிலில் படுத்தேன். என் குறட்டைச் சத்தத்தில்தான் ஜேர்மன்காரர் பிடித்தார்கள்."

காடு சொன்னேன், வைக்கோல் சொன்னேன். குறட்டைக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது. கரைத்துக் குடித்த மொழியில் குறட்டைக்குச் சொல் இல்லை. இரண்டு முதியவர்களும் என் வாயையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கண்ணை மூடி, மேசையில் தலையைச் சாய்த்து, ஒரு குறட்டை விட்டேன். ஆசிரியை கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். இங்கிலாந்துக்காரரும் சிரித்தார்.

"பிழை என்னுடையது, அவருடையதல்ல என்று சொல்லுங்கள்."

"அது இவருடைய பொம்மர்ட்டாம்," என்றேன் அம்மாவிடம். கோப்பைகள் அதிரும்படி அந்த 'ட்'டை அழுத்தினேன்.

அம்மா சிரிக்கவில்லை. இங்கிலாந்துக்காரரின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இன்னொரு துண்டு கேக்கை வெட்டி அவருடைய தட்டில் வைத்தார்.

அவரை ஆசிரியை காரில் கூட்டிப் போன பிறகு, நான் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பொய்," என்றார் அம்மா, கழுவிக்கொண்டே.

"எது?"

"நான் இந்த ஜன்னலிலை நிண்டு, ரோட்டு வளைவு வரைக்கும் அவன்ரை முதுகைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். அவன் காட்டுப் பக்கம் திரும்பவே இல்லை."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

"நீ என்ரை பக்கத்தை நல்லா மொழிபெயர்த்திருக்கிறாய் போலை."

எனக்கு வாழ்க்கையில் கிடைத்த சான்றிதழ்களில் இதைத்தான் எந்தப் பங்கருக்குள்ளும் கொண்டுபோக முடியாது.

"இதை என்ன செய்யிறது? எழுதவோ?" என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்து, கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "எழுது. அவன் சொன்னதையும் எழுது, நான் பார்த்ததையும் எழுது. அவ்வளவு தூரம் வந்து சொன்ன பொய், அது வீணாய்ப் போகக் கூடாது."

ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தேன். பொத்தானை அழுத்த முன், டென்மார்க்குக்கு வந்து முதல்தடவையாக எனக்குத் தெரியாத ஒரு சொல்லைக் கேட்டேன்.

"குறட்டைக்கு உங்கடை மொழியிலை என்ன சொல்லுறது?"

சொன்னார். வால் மறுபடியும் தொண்டைக்குள் போய்விட்டது.

"இன்னொருக்கால்," என்றேன். "ஒவ்வொரு எழுத்தாய்ச் சொல்லுங்கோ."