பாலோடு விழுங்கிய மாத்திரைகள்

மாத்திரையை நிறுத்தியது நான்தான். டாக்டர் சொல்லி நிறுத்தவில்லை. பழனிக்கு நடப்பதற்காக மாலை போட்டிருந்தேன். மாலை போட்டுவிட்டால் குளித்து, விளக்கேற்றி, முருகனுக்கு ஒரு டம்ளர் பால் வைத்துக் கும்பிடும்வரை எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது. தைராய்டு மாத்திரையோ கண் விழித்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டியது. ஆறு வருடமாகப் போட்டு வந்ததை, விரதம் முடியட்டும் என்று எடுத்து வைத்தேன்.

தைப்பூசத்துக்கு நடந்துபோய் மலையேறி வந்தேன். காலில் கொப்புளம் வந்ததைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரை இல்லாமல் இத்தனை தூரம் நடந்திருக்கிறேன் என்றால் என் வியாதியை முருகன் எடுத்துக்கொண்டான் என்றுதானே அர்த்தம்? மறுபடி அந்த டப்பாவைத் திறந்தால் அவனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும் என்று பயந்தேன். போட்டு வந்த மாத்திரையின் பலம் கொஞ்ச நாள் உடம்பில் நிற்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆடி மாதத்துக்குள் முகம் ஊதிவிட்டது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மாதத்தில் மூன்று நாள் என்றிருந்தது ஏழு எட்டு நாளாகி, தீட்டும் அதிகமாகப் போனது. கம்பெனியில் எல்லோரும் ஃபேனுக்கு அடியில் இடம் தேடும்போது நான் மட்டும் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பேன்.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, சரியாக இருந்தால் என் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்ப வேண்டும். கண்தான் இந்த வேலைக்கு மூலதனம். அந்தக் கண் பீஸின் மேல் இருக்கும், மனசு எங்கோ நிற்கும். அனுப்பிய பீஸெல்லாம் என் ஸ்டிக்கரோடு திரும்பி வர ஆரம்பித்தன.

என் எதிர்ப் பக்கம் நிற்பவள் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. திரும்பி வந்த டீ-ஷர்ட் ஒன்றில் ஆள்காட்டி விரலை நுழைத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"யக்கா, என் விரலு நுழையுது. ஒங்க கண்ணு நுழையலையாக்கும்?"

நானும் சிரித்தேன். சூபர்வைசர் தம்பி சிரிக்கவில்லை. மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, உங்க நம்பருதானுங்க திரும்பத் திரும்ப வருது. இனியும் வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கைமடிக்குத்தான் மாத்தோணும்."

கைமடி என்பது டைலர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடித்து வைக்கும் வேலை. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் நுழைந்ததும் அதில்தான். அங்கிருந்து இந்த மேஜைக்கு வர எனக்கு நாலு வருடம் பிடித்தது.

அந்த வாரமே வீட்டுக்காரர் என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு ஏறிக் கிடந்தது. இரத்தம் குறைவு, இரும்புச் சத்து இல்லை, வைட்டமின் பி பன்னிரண்டும் டி-யும் இல்லை. தைராய்டு மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, அதோடு இரும்பு மாத்திரை, பி பன்னிரண்டு மாத்திரை, வாரம் ஒரு முறை பாலில் கலந்து குடிக்கும் பொடி என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே கூட்டம் நின்றது. எதை எப்போது என்று சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு, "செரிங்க" என்று வந்துவிட்டேன்.

மறுபடி மாத்திரைக்குத் திரும்புவது முருகனுக்கு எப்படிப் படுமோ என்ற பயம் போகவில்லை. அதனால் எல்லா மாத்திரையையும் அவன் காலடியிலேயே, சாமி அலமாரியில் வைத்தேன். தினமும் குளித்து விளக்கேற்றி, திருநீறு பூசி, மூன்று மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டு, அவனுக்கு வைத்த பாலோடு ஒரே விழுங்காக விழுங்குவேன். பொடிக்குப் பால் ஆகும் என்றால் மாத்திரைக்கும் ஆகும்தானே? வெறும் வயிறு என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அது பிரசாதம். பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்ப்பார்களா?

தீட்டு வரும் அந்த ஏழு எட்டு நாளில் சாமி அலமாரியைத் தொட மாட்டேன். வீட்டுக்காரரிடம் எடுத்துத் தரச் சொல்லலாம். ஆனால் ஏழு நாளாக நிற்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த நாட்களில் மாத்திரை இல்லாமலே விட்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு பேருக்குத்தான் இறங்கியிருந்தது. இரத்தம் ஏறவே இல்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு நாளும் விட்டதில்லீங்க."

வீட்டுக்காரர் பெருமையாக முந்திக்கொண்டார். "சாமி முன்னாடி வெச்சுக் கும்பிட்டுட்டுத்தானுங்க முழுங்குவா. மூணையும் ஒண்ணா, பாலோட."

"பாலோடயா? மூணையும் ஒண்ணாவா?"

"பிரசாதமுங்க அது" என்றேன்.

"பால் யாருக்கு வெச்சதுன்னு வயித்துக்குத் தெரியாதும்மா. பாலும் இரும்பும் அந்தத் தைராய்டு மாத்திரையைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேர விடாது. இரும்பையும் பால் சேர விடாது. மூணு மாசமா நீங்க மாத்திரை போட்டும் போடாத மாதிரிதான்."

முகம் சுட்டது. சாமியைச் சொல்லிவிட்டாரே என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் இறங்குவதற்குள் இன்னொன்று மேலே வந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிறார் என்பதையும் பார்க்காமல் சொன்னேன்.

"நான் சொன்னது பொய்ங்க. அந்த நாள்ல சாமிகிட்டப் போக முடியாதுங்களே. மாத்திரையும் அங்கதான் இருக்குதுங்க. ஏழு நாளு, எட்டு நாளு விட்டுருக்கறனுங்க."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, எட்டு நாளா? என்கிட்டச் சொல்ல என்ன?"

பழைய சீட்டை டாக்டரம்மா பக்கம் நகர்த்தினேன்.

டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டவில்லை. இந்தத் தடவை தமிழிலேயே எழுதினார். எழுந்ததும் தைராய்டு, தண்ணீரில் மட்டும். முக்கால் மணி நேரம் ஒன்றும் கூடாது. இரும்பு மத்தியானம், எலுமிச்சைத் தண்ணீரில். டீயோ பாலோ கிட்டே வரக் கூடாது. தீட்டு அதிகமாகப் போவதற்கும் தைராய்டே காரணமாக இருக்கலாம், அதற்கு ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்றார். உடம்பு தேற மாதக் கணக்காகும் என்றும் சொன்னார்.

மாதக் கணக்கு. அதுவரை என் ஸ்டிக்கரோடு எத்தனை ஓட்டை போகும்? யோசித்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை நானே சூபர்வைசரிடம் போய் நின்றேன்.

"தம்பி, என்னையக் கைமடிக்கு மாத்திருங்க."

"இப்ப நான் ஒண்ணும் சொல்லலீங்களே அக்கா?"

"நீங்க சொல்லலீங்க. எனக்கே பீஸு தெரிய மாட்டேங்குது. உடம்பு தேறட்டும்."

"போனா திரும்பி வர்றது லேசில்லீங்க. உங்க எடத்துக்கு ஆளு போட்டுருவாங்க."

"தெரியுமுங்க."

இப்போது ஒடிசாக்கார டைலர் ஒருவரின் பக்கத்தில் நின்று, டீ-ஷர்ட் கைக்கு வெட்டிய துணியை எடுத்துக் கொடுக்கிறேன். "அக்கா, ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்துகிறார். அவர் மேல் தப்பில்லை, என் கைதான் பின்தங்குகிறது. மத்தியானம் விருதுநகர்க்காரி டிபன் டப்பாவோடு வந்து, "யக்கா, இரும்பு திங்குற நேரமாச்சு" என்று எலுமிச்சம்பழத்தை நீட்டுகிறாள்.

காலையில் குளிக்காமல், விளக்கேற்றாமல், வாயை மட்டும் கொப்பளித்துவிட்டு அடுப்படியில் நின்று மாத்திரையை விழுங்குகிறேன். அந்த நேரத்தில் சாமி அலமாரிப் பக்கம் திரும்ப முடிவதில்லை. பிறகு குளித்து அவன் முன்னால் நிற்கும்போது, அந்த மேஜையை எனக்குத் திருப்பிக் கொடு என்று கேட்க வாய் வரை வருகிறது. நானே விட்டு வந்ததை எப்படிக் கேட்பது? திருநீறை மட்டும் பூசிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

அடுத்த இரத்தப் பரிசோதனை பங்குனி உத்திரம் கழிந்து. என் இடத்தில் புதிதாக ஒருத்தி நிற்கிறாள். நேற்று அவள் ஒரு பீஸை வெளிச்சத்துக்கு விரித்துப் பிடித்ததைப் பார்த்தேன். நன்றாகத்தான் பிடிக்கிறாள்.