பணிக்காரிக்கு ஷால் இல்லை

அந்தப் பல்லக்கில் நான்தான் ஏறியிருக்க வேண்டும். எனக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அன்று அங்கே என்னைவிட உரக்கக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை.

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறை வெளியூர் கூட்டிப்போவார்கள். எங்கள் ஊர் குன்னத்துகாலில் வேன் கிளம்பும்போதே பாதிப் பேர் பொதிச்சோற்றைப் பிரித்துவிடுவோம். வழக்கமாகக் கடற்கரைக்குப் போவோம், இல்லாவிட்டால் மிருகக்காட்சிசாலைக்கு. எனக்கு ஒன்பது வயதான வருஷம் பொறுப்பு என் மாமியிடம் வந்தது. மாமி என்றால் அப்பாவின் தங்கை. நெய்யாற்றின்கரை கோர்ட்டில் டைப் அடிக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு டீச்சர். "கொரங்கப் பாக்கதுக்கு வண்டி பிடிச்சுப் போணுமா? என் கிளாசில இருக்கது போதாதா?" என்று கமிட்டியில் கேட்டுவிட்டு, திருவனந்தபுரத்துக்கு அப்பால் புதிதாகத் திறந்திருந்த ஒரு மியூசியத்துக்கு ஏற்பாடு செய்தாள்.

மியூசியம் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்பு இருக்கும் என்று நினைத்திருந்தோம். இது ஒரு பெரிய தோப்பு. பழைய வீடுகளைப் பலகை பலகையாகப் பெயர்த்துக் கொண்டுவந்து மரங்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். ஏற்றம் இறைக்கலாம், உரலில் நெல் குத்தலாம், எதைத் தொட்டாலும் யாரும் திட்டமாட்டார்கள். நாங்கள் ஏற்றத்தைப் பிடித்துத் தொங்கி, கைகால் சேறாகி, சொர்க்கத்தில் இருந்தோம்.

நடுவில் ஒரு பெரிய தறவாட்டு வீடு, அந்தக் காலத்துப் பணக்காரக் குடும்பத்து வீடு, இருந்தது. அதன் முற்றத்தில்தான் பிள்ளைகளுக்கான விளையாட்டு. வழிகாட்டி ஒரு பித்தளைச் செம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். எந்தச் சீட்டு வருகிறதோ அந்த வேஷம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு எஜமானான தம்புரான் வந்தது, வெல்வெட்டுச் சட்டை கொடுத்தார்கள். எனக்கு வந்தது பணிக்காரி. வேஷம் போட்டுவிடும் அக்கா என் சுடிதாருக்கு மேலே ஒரு முரட்டு முண்டுத் துணியை மார்பு வரைக்கும் சுற்றிக் கட்டினாள். கிறிஸ்துமஸுக்குத் தைத்த சிவப்பு ஷாலைத் தோளிலிருந்து எடுத்து மேசையில் மடித்து வைத்தாள். பணிக்காரிக்கு இது இல்லை என்றாள்.

பணிக்காரி வீட்டுக்குள் ஏறக் கூடாது. முற்றத்திலும் கால் வைக்கக் கூடாது. நாற்பது தப்படி தள்ளி ஒரு கல் நட்டிருந்தார்கள். அங்கே நின்று குனிந்து, வாயைப் பொத்தி, "தம்புரானே" என்று விளிக்க வேண்டும். யார் தன் வேஷத்தை நன்றாகச் செய்கிறார்களோ அவர்களைப் பல்லக்கில் வைத்துத் தோப்பைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். குஞ்சம் வைத்த நிஜப் பல்லக்கு. அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

வாயைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? பைபிள் சங்கீதம் ஒப்புவிக்கும் போட்டியில் மூன்று வருஷம் முதல் பரிசு வாங்கியவள் நான். கோயிலின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்று பழக்கியதே மாமிதான். கையை எடுத்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "தம்புரானே!" என்றேன். மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. வழிகாட்டி கைதட்டினார். பல்லக்கு எனக்குத்தான் என்று தெரிந்துபோயிற்று.

வேனில் சோற்றுப் பொதிகளை எண்ணிவிட்டு அப்போதுதான் மாமி வந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஷால் எங்க பிள்ளே?"

"பணிக்காரிக்கு ஷால் கிடையாது மாமி. ரூல் ஆக்கும்."

மாமி போய் மேசையிலிருந்த ஷாலை எடுத்து வந்து என் தோளில் போட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல்லக்கு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. நான் அதை உருவித் தரையில் எறிந்தேன்.

அவள் எடுத்து உதறி, மறுபடியும் போட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக முற்றத்தைக் கடந்து நடந்தாள். வழிகாட்டி பதறிப்போய், விளையாட்டுத்தானே என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"டீச்சரே, இது வெறும் களியல்லே?"

"களிதானே சாரே. அப்ப ஒண்ணு செய்வோம். நான் இந்த வாசல்ல நிக்கேன். சாரு போய் அந்தக் கல்லுகிட்ட நின்னு, சட்டையக் கழத்திட்டு, தம்புராட்டியேண்ணு ஒரு விளி விளியுங்க."

அவர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. அவர் கல்லைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏன் சாரே, களிதானே?" என்றாள் மாமி மறுபடியும்.

அவர் போகவில்லை. மாமி எங்கள் பக்கம் திரும்பி, "எலே, எல்லாவனும் வாங்க. முன்வாசல் வழியா ஏறுங்க" என்றாள். சேற்றுக்காலோடு இருபத்திரண்டு பிள்ளைகள் தறவாட்டுக்குள் ஏறினோம். மற்றவர்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். நான் மட்டும் வாசல்படியில் நின்று ஷாலை இரண்டாம் முறை எறிந்தேன். இரண்டாம் முறையும் அவள் எடுத்துப் போட்டாள்.

பல்லக்கில் பக்கத்து வீட்டுப் பையன் போனான். வெல்வெட்டுச் சட்டைக்குள் வியர்த்து வழிய, சும்மா உட்கார்ந்திருந்ததைத் தவிர அவன் ஒன்றுமே செய்யவில்லை. நான் பொதிச்சோற்றைத் தொடவில்லை. மாமி பொரித்த மீனைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுவந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரைச் சந்தையைத் தாண்டும்போது, இனி இவளை ஜெயிக்க விடக் கூடாது என்று முடிவு செய்தேன். ஷாலை உருவி ஜன்னல் வழியே விட்டுவிட்டேன். அது சாலையில் விழுந்து உருண்டது. மாமி வேனை நிறுத்தச் சொன்னாள். லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போக, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பி ஓடியது பின்கண்ணாடியில் தெரிந்தது. ஒரு டயர் ஏறிய அடையாளத்தோடு ஷால் வந்தது. தன் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி, அதை என் தோளில் வைத்துக் குத்தினாள். குத்திய இடத்தை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"இனி எறியாத மக்கா" என்றாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, ஏனென்றும் சொல்லவில்லை. என்மேல் உள்ள கோபத்தில்தான் அப்படி இழுக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன், இந்தப் பக்கத்துச் சந்தைகளில் எங்கள் சாதிப் பெண்கள் தோளில் துணி போட்டு நடந்ததற்காக மேல்சாதிக்காரர்கள் அதைப் பிடித்து இழுத்துக் கிழித்திருக்கிறார்கள். அவர்கள் அடுத்த சந்தைக்கும் துணி போட்டுக்கொண்டுதான் போனார்கள். கல்லூரியில் படிக்கும்போதுதான் எனக்கு இது தெரிந்தது. மாமிக்கு அன்றே தெரியும். அவர்கள் தோளிலிருந்து அதை எடுக்க ஒரு கூட்டமே வர வேண்டியிருந்தது. என் தோளிலிருந்து நானே எடுத்து மூன்று முறை எறிந்தேன், ஒரு பல்லக்குக்காக.