குடலைச் சேர்க்கும் நாள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இரண்டு பேர் பட்டாளத்தில் இருக்கிறார்கள். எதற்காகவும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. வயலிலிருந்து வந்தால் குளிக்காமல் அடுப்படிக்குள் போகமாட்டேன். போன வருஷம் குடல் அடைத்து, வயிறு பானையாக வீங்கிவிட்டது. மூத்தவன் தேவதானத்திலிருந்து ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

பெருங்குடலில் கட்டி. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மீதிக் குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு பை. மலம் இனி அதில்தான் வரும், உடம்பு தேறியதும் உள்ளே சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டில்காரி பித்தப்பைக் கல்லுக்கு வந்தவள். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை. மூன்றாம் நாள் நடந்தே போனாள். எனக்குத் தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை தையல்.

அந்தக் குடலுக்கு அடக்கத் தெரியாது. சபையில் ஜெபம் நடக்கும்போதுதான் பைக்குள் காற்றை விடும், சத்தத்தோடு. முன் வரிசையில் உட்கார்ந்துவந்த நான் வாசலோரத்துக்கு மாறினேன். சனிக்கிழமையே பயறு, முட்டைக்கோஸ் எல்லாம் தள்ளிவிடுவேன். அப்படியும் விடும், நான் இருமுவேன். பையை மருமகள்தான் மாற்றுவாள். முகம் சுளிக்கமாட்டாள். சுளித்திருந்தால் திட்டியாவது இருப்பேன்.

எப்போது சேர்ப்பார்கள் என்று கேட்டால், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றான் மூத்தவன். பிறகு ஈஸ்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருதய டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த அன்றும், எல்லாம் நன்றாக இருக்கிறது, வெயில் தணியட்டும் என்றான். ஃபைலை மட்டும் பீரோவுக்கு மேலே வைத்தான். எனக்கு என் பெயர் எழுதத் தெரியும், பஸ் போர்டு படிப்பேன். அது இங்கிலீஷ்.

அவன் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளை எடுத்து வாசிக்கச் சொன்னேன். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"ஏட்டி, ஏன் நிறுத்துற?"

"அப்பா திட்டுவாக, அப்பத்தா."

"வயிறு என்னோடது. படி."

இருதயம் பலவீனம், மயக்க மருந்து தாங்காது, சேர்க்கிற ஆபரேஷன் வேண்டாம், பை கடைசிவரை இருக்கட்டும் என்று எழுதியிருந்தது.

மகனிடம் நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய? இப்போதும் வெயில் தணியட்டும் என்கிறான். சரிப்பா என்கிறேன்.

இதை நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதினாள். ஏட்டி, பேனாவைச் செத்த நேரம் கீழ வையி. எழுதுனத முதல்ல இருந்து படிச்சுக் காட்டு. எந்த எடத்துலயும் நிறுத்தாம படி.